பேட்ஸி கிளைனின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்': இந்த ஒரு தொகுப்பு போதுமா?

காங்கேயத்துக் கேட்பவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திரைப்பாட்டும் உடுக்கைப்பாட்டும் கேட்டு வளர்ந்தவன் நான். அமெரிக்காவின் கன்ட்ரி இசைப்பக்கம் அண்மையில்தான் வந்திருக்கிறேன். கோயம்புத்தூரில் பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடையொன்றில் பேட்ஸி கிளைன் என்ற பாடகியின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தட்டு கிடைத்தது. டெக்கா நிறுவனம் 1967இல் வெளியிட்ட தொகுப்பு அது. பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு பாடல்கள். 1963 மார்ச்சில் விமான விபத்தில் அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்திருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து மாலையில் வீட்டில் ஓடுவது பெரும்பாலும் இதுதான். இருந்தாலும் சில ஐயங்கள் தீரவில்லை.

கன்ட்ரி என்றால் அந்த ஊர் நாட்டுப்புற இசை என்று நினைத்துத்தான் வாங்கினேன். நம் பக்கத்தில் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து விடிய விடியப் பாடுவார்களே, அப்படி மண்ணோடு ஒட்டிய ஒன்றை எதிர்பார்த்தேன். இந்தத் தட்டிலோ பியானோ இழைகிறது, வயலின் கூட்டம் பின்னால் எழுகிறது, ஆண்கள் சிலர் சேர்ந்து மெல்லிய பின்னணி பாடுகிறார்கள். இது எப்படிக் கன்ட்ரி இசையாகிறது?

அடுத்தது, 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' பாடலைக் கைப்பேசியில் தேடினால் இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில் ஸ்டீல் கிடார், அதாவது கம்பிகள்மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் கிடார், முன்னால் நிற்கிறது. மற்றொன்றில் பின்னணிக் குரல்கள் சேர்ந்திருக்கின்றன. பாடகியின் குரலும் இரண்டிலும் ஒரே வயதில் இருப்பதாகத் தோன்றவில்லை. எது மூலம்?

கடைசியாக, இதே 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்ற பெயரில் நாற்பது, ஐம்பது பாடல்கள் அடங்கிய குறுந்தகடுகள் மிகக் குறைந்த விலைக்கு இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்கலாமா, அல்லது அவர் உயிரோடு இருந்தபோது வந்த ஆல்பங்களைத் தேடிப் போவது நல்லதா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


போத்தனூர் பழைய வானொலி எழுதியது:

தம்பி, வணக்கம். போத்தனூர் ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பும் பக்கத்து வீட்டு கிராமபோனுமாகத்தான் கன்ட்ரிப் பாடகர் ஜிம் ரீவ்ஸும் பேட்ஸி கிளைனும் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். மற்றவற்றை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

நீங்கள் எதிர்பார்த்த மண்வாசனையைத் தரும் பிடிலும் (கிராமத்துப் பாணியில் வாசிக்கும் வயலின்தான்) ஸ்டீல் கிடாரும் அந்த இசையில் இல்லாமல் இல்லை. 1950களின் நடுப்பகுதி வரை அவைதாம் அதன் முகம். எல்விஸ் பிரெஸ்லி வந்து ராக் அண்ட் ரோல் அலை எழுந்தபின் இளைஞர் கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. கன்ட்ரி தட்டுகளின் விற்பனை சரிந்தது, வானொலி நிலையங்களும் அவற்றைக் கைவிடத் தொடங்கின. அப்போது நாஷ்வில் நகரத்தில் ஆர்சிஏ நிறுவனத்துக்காக செட் அட்கின்ஸும் டெக்காவுக்காக ஓவன் பிராட்லியும் என இரண்டு தயாரிப்பாளர்கள் ஒரு வழி கண்டார்கள். பிடிலையும் ஸ்டீல் கிடாரையும் பின்னுக்குத் தள்ளி, வயலின் குழு, பியானோ, மென்மையான கூட்டுக்குரல் ஆகியவற்றை முன்னே வைத்து, நகரத்தாரும் விரும்பிக் கேட்கும்படி அந்த இசையை மாற்றி அமைத்தார்கள். 'நாஷ்வில் சவுண்ட்' என்று பெயர் பெற்றது இதுதான். உங்கள் தட்டில் கேட்கும் பின்னணிக் குரல்கள் பெரும்பாலும் ஜோர்டனேர்ஸ் என்ற குழுவினருடையவை. எல்விஸுக்கும் பின்னணி பாடியவர்கள் அவர்களே. பியானோவில் ஒரு சுரத்தைத் தொட்டு அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போவதுபோல் கேட்கிறதே, அது பிளாய்ட் கிரேமரின் கைவண்ணம்.

இந்த மாற்றத்தைப் பேட்ஸி கிளைன் தாமாக விரும்பி ஏற்கவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அவருக்குக் கௌபாய் உடையும் யோடலிங் என்னும் குரலுடைத்துப் பாடும் முறையும்தான் உயிர். 1960 நவம்பரில் 'ஐ ஃபால் டு பீசஸ்' பதிவானபோது அந்தப் பாடல்மீதே அவருக்கு நம்பிக்கை இல்லை; பின்னணிக் குரல்கள் தம் குரலை மூழ்கடித்துவிடும் என்று அஞ்சினார். 1961இல் அதே பாடல் கன்ட்ரி பாடல்களின் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தது. ஆகவே, உங்கள் தட்டில் ஒலிப்பது ஒரு பாடகியின் பிடிவாதமும் தயாரிப்பாளர் பிராட்லியின் பிடிவாதமும் மோதிப் பிறந்த இசை. அதில் மண்வாசனை குறைவு என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. ஆனால் அந்தக் குரலைக் கவனித்துக் கேட்டால், வயலின் கூட்டத்துக்கு நடுவிலும் அது வர்ஜீனியாவின் வின்செஸ்டர் ஊர்க் குரலாகவே நிற்பது தெரியும்.

'கிரேஸி' பாடலை மட்டும் இன்று இரவு விளக்கணைத்துவிட்டுக் கேளுங்கள். எழுதியவர் அப்போது பெயர் வெளியே தெரியாதிருந்த வில்லி நெல்சன். 1961 ஜூன் 14 அன்று நாஷ்வில்லில் நடந்த கார் விபத்தில் பேட்ஸி கிளைன் பலத்த காயம் பட்டு, பல வாரம் மருத்துவமனையில் கிடந்தார். ஆகஸ்ட் 21 அன்று ஊன்றுகோல்களுடன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். மூன்று மணி நேரத்தில் நான்கு பாடல்கள் முடிப்பது அக்காலத்து வழக்கம்; அன்று இந்த ஒரு பாட்டுக்கே நான்கு மணி நேரம் போயிற்று. விலாவில் வலி தீராததால் மேல் சுரங்களைப் பிடிக்க முடியவில்லை. இசைக்குழுவின் பகுதியை மட்டும் அன்று பதிவு செய்து வைத்துக்கொண்டு, சில வாரங்கள் கழித்து அவர் திரும்பி வந்து குரலைத் தனியாகப் பாடிச் சேர்த்தார். பாட்டின் முதல் சொல்லே மேலிருந்து கீழே சரேலென்று இறங்குகிறது. அந்த இறக்கத்தில் குரல் எங்கும் தடுக்கவில்லை, தளரவும் இல்லை. உடம்பு அந்த நிலையில் இருந்த ஒருவர் பாடியது என்று தெரிந்து கேட்கும்போது எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.


திருப்பூர் சவுண்ட் சர்வீஸ் எழுதியது:

வணக்கம். இரண்டாவது கேள்விக்கும் விலை மலிவான தொகுப்புகளைப் பற்றிய கேள்விக்கும் விடை ஒன்றே என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

பேட்ஸி கிளைன் முதலில் ஒப்பந்தம் செய்துகொண்டது 4 ஸ்டார் என்ற நிறுவனத்தோடு. 1955 முதல் 1960 வரை அவர் பாடியவை அந்த ஒப்பந்தத்தின் கீழ் வந்தவை. 4 ஸ்டார் தன் கையில் உரிமை வைத்திருக்கும் பாடல்களை மட்டுமே அவர் பாடலாம் என்பது நிபந்தனை. எவ்வளவு பெரிய குரலாக இருந்தாலும், கொடுத்த பாட்டைத்தானே பாட முடியும்? அந்த ஆண்டுகளில் பதிவான ஏறத்தாழ ஐம்பது பாடல்களில் பெருவெற்றி பெற்றது 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' ஒன்றுதான். 1957 ஜனவரியில் ஆர்தர் காட்ஃப்ரியின் தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் அதைப் பாடி வென்ற பிறகு, அந்தப் பாட்டு கன்ட்ரி வரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியது. நீங்கள் கேட்ட ஸ்டீல் கிடார் வடிவம் இந்தப் பழைய பதிவு. 1960இன் முடிவில் நேரடியாக டெக்காவில் சேர்ந்தபின், 1961இல் அதே பாட்டை ஜோர்டனேர்ஸ் குழுவோடு புதிதாகப் பாடிப் பதிவு செய்தார். இரண்டுமே அவர் குரல்தான். இடையில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளும் ஒரு புதிய தயாரிப்பு முறையும் இருக்கின்றன. 'யூ ஆர் ஸ்ட்ராங்கர் தேன் மீ' பாடலுக்கும் இப்படி இரண்டு பதிவுகள் உண்டு.

இனி மலிவுத் தொகுப்புகளுக்கு வருவோம். 4 ஸ்டார் காலத்துப் பதிவுகள் பிற்காலத்தில் கைமாறிக் கைமாறி எண்ணற்ற சிறு நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்தன. 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை. எவரும் அட்டையில் அச்சிட்டுக்கொள்ளலாம். எனவே நாற்பது பாட்டு, ஐம்பது பாட்டு என்று விற்கப்படும் தகட்டில் மேலே பெரிய எழுத்தில் ஓரிரு புகழ்பெற்ற பாடல்களின் பெயரைப் போட்டுவிட்டு, மீதி அத்தனையும் அந்த ஐந்தாண்டுப் பதிவுகளாக இருப்பது மிகவும் சாதாரணம். அவை கேட்கத் தகாதவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'ஸ்வீட் டிரீம்ஸ்' வேண்டும், 'ஷீஸ் காட் யூ' வேண்டும் என்று பணம் கொடுப்பவருக்கு அவை கிடைக்காமல் போகும். பாட்டுப் பட்டியலை முழுவதும் படியுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் பதிவான ஆண்டு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டே போடாத தொகுப்பை நான் வாங்குவதில்லை.

தொழில்முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1960களில் ஸ்டீரியோ மோகம் வந்தபோது, மோனோவில், அதாவது ஒலி முழுவதும் ஒரே தடத்தில், பதிவான பழைய பாடல்களை மின்னணு முறையில் இரண்டாகப் பிரித்து, தாழ்ந்த ஒலியை ஒரு பக்கமும் உயர்ந்த ஒலியை மறுபக்கமும் தள்ளி, ஸ்டீரியோ என்று அச்சிட்டு விற்றார்கள். அப்படிச் செய்த தட்டில் குரல் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். 4 ஸ்டார் காலத்துப் பாடல்களை மோனோவிலேயே கேளுங்கள். கல்யாண மண்டபத்தில் இரண்டு பெரிய பெட்டிகளில் போட்டாலும் சரி, வீட்டில் ஒற்றைப் பெட்டியில் போட்டாலும் சரி, மோனோப் பதிவில் அந்தக் குரல் நேராக நம் முன்னால் வந்து நிற்கும்.


ஈரோட்டு இசை ஆசிரியை எழுதியது:

போத்தனூர் ஐயாவும் திருப்பூர் அண்ணாவும் சொன்னவை அனைத்தும் பயனுள்ளவை. ஆனாலும் அந்தத் தொகுப்பைப் பற்றி எனக்கு வேறு கருத்து இருக்கிறது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

கேசட் காலத்தில் நம் ஊர்க் கடைகளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்குவோமே, அந்தக் கேசட்டைக் கேட்டால் பட்டியல் எழுதியவருடைய மனம் தெரியுமே தவிர, பாடகரின் முழு உருவம் தெரியாது. 1967ஆம் ஆண்டுத் தொகுப்பும் அத்தகையதே. அதிலுள்ள பன்னிரண்டு பாடல்களில் ஏறக்குறைய எல்லாமே 1960 நவம்பருக்கும் 1963 பிப்ரவரிக்கும் இடையில், ஒரே தயாரிப்பாளரின் கீழ் பதிவானவை. பேட்ஸி கிளைன் என்றால் எப்போதும் மெதுவாக, கண்ணீரை அடக்கிக்கொண்டு, வயலின்களுக்கு நடுவில் பாடும் பெண் என்ற எண்ணம் உலகம் முழுவதும் பரவியதற்கு இந்த ஒரு தட்டே பெரிய காரணம். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் படிகளுக்கு விற்று வைரச் சான்று பெற்ற தொகுப்பு அல்லவா? அவரது குரல் சிரிக்கும், சீறும், கிண்டல் செய்யும், யோடலிங்கில் துள்ளும் என்பதை அதை மட்டும் கேட்டவர்கள் அறிய வழியில்லை.

4 ஸ்டார் காலத்துப் பாடல்களில் எழுத்து பல இடங்களில் மெலிந்திருப்பது உண்மை. ஆனால் அந்தக் குரலின் துடுக்கை அங்கேதான் கேட்கலாம். இருபத்து நான்கு வயதில் அவர் பாடிய முதல் 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' பதிவில், கன்ட்ரிப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸுக்கு வாசித்த டான் ஹெல்ம்ஸின் ஸ்டீல் கிடாரோடு அந்தக் குரல் போட்டி போடுவதைக் கேளுங்கள். மறுபதிவில் பக்குவம் இருக்கிறது, துடிப்பு அதில் பாதிதான். காங்கேயத்துத் தம்பிக்கு உடுக்கைப்பாட்டுக் காது இருப்பதால், முதல் பதிவுதான் மனத்தில் ஒட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கதையின் உச்சத்தில் பாடுபவரின் குரல் வேண்டுமென்றே உடைந்து மேலே ஏறுமே, அந்தக் குரலுடைப்பின் இன்பம் தெரிந்தவருக்கு இங்கே யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அவர் வாழ்ந்தபோது வெளிவந்த ஸ்டூடியோ ஆல்பங்கள் மூன்றே மூன்று. 1957இல் வந்த 'பேட்ஸி கிளைன்', 1961 நவம்பரில் வந்த 'ஷோகேஸ்', 1962 ஆகஸ்டில் வந்த 'சென்டிமென்டலி யுவர்ஸ்'. மூன்றையும் கேட்க ஒரு மாலைப்பொழுதே போதும். அந்த வரிசையில் கேட்டால் ஒரு பாடகி வளர்ந்த வழி தெரியும்.

இவ்வளவு குறை சொன்னாலும் அந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தில் உள்ள 'ஃபேடட் லவ்' பாடலுக்காக அதை நானும் வைத்திருக்கிறேன். கன்ட்ரி இசைக்கலைஞர் பாப் வில்ஸ் குழுவின் பழைய பாட்டு அது. இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, 1963 பிப்ரவரி முதல் வாரத்தில் நடந்த கடைசிப் பதிவுகளில் பேட்ஸி கிளைன் பாடினார். முடியும் இடத்தில், கடைசிச் சொல்லுக்குச் சற்று முன்னால், அவர் மூச்சை இழுப்பது வெளிப்படையாகக் கேட்கிறது. இன்றாயிருந்தால் அந்த மூச்சை வெட்டி எறிந்திருப்பார்கள். பிராட்லி அதை அப்படியே விட்டுவைத்தார். பாட்டுக் கற்க வரும் பிள்ளைகளுக்கு அந்த ஓரிடத்தை மட்டும் நான் போட்டுக் காட்டுவது உண்டு. மூச்சை எங்கே எடுக்கிறோம் என்பதும் பாட்டின் ஒரு பகுதி என்று அவர்களுக்கு உடனே விளங்கிவிடுகிறது.


காங்கேயத்துக் கேட்பவன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அம்மா சொன்னபடி முதல் 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' பதிவை மறுபடி கேட்டேன். எனக்கும் அதுவே நெருக்கமாக இருக்கிறது. மலிவுத் தகட்டை வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி. ஜிம் ரீவ்ஸும் பேட்ஸி கிளைனும் சேர்ந்து பாடியதாக ஒரு 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தட்டு, 1981 என்று ஆண்டு போட்டு, அதே கடையில் இருக்கிறது. இருவரும் உண்மையிலேயே சேர்ந்து பாடினார்களா? அது வாங்கத் தக்கதா?


போத்தனூர் பழைய வானொலி எழுதியது:

தம்பி, இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவ்விருவரும் சேர்ந்து ஒரு பாட்டுக்கூடப் பாடியதில்லை. ரீவ்ஸ் ஆர்சிஏவின் பாடகர், பேட்ஸி கிளைன் டெக்காவின் பாடகி. பேட்ஸி கிளைன் 1963 மார்ச் 5 அன்று டென்னசியின் கேம்டன் அருகே விமானம் விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டே, 1964 ஜூலை 31 அன்று, ரீவ்ஸ் தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் நாஷ்வில்லுக்கு அருகில் புயல் மழையில் சிக்கி விழுந்து அவரும் போய்விட்டார். 1981இல் நீங்கள் பார்த்த தட்டுக்காகச் செய்தது என்னவென்றால், 'ஹேவ் யூ எவர் பீன் லோன்லி' பாடலை இருவரும் தனித்தனியே பாடி வைத்திருந்த பழைய நாடாக்களிலிருந்து குரல்களை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டையும் ஒரே சுருதிக்கும் காலத்துக்கும் கொண்டுவந்து, புதிய வாத்தியங்களைச் சேர்த்து, ஜோடிப்பாட்டாக ஒட்டினார்கள். அது கன்ட்ரி வரிசையில் ஐந்தாம் இடம் வரை போயிற்று. 'ஐ ஃபால் டு பீசஸ்' பாடலுக்கும் பின்னர் அதேபோல் செய்தார்கள்.

ஒலித் தொழில்நுட்பம் என்ற வகையில், இன்றுள்ள கணினி வசதிகள் இல்லாத அக்காலத்தில் அது பெரிய சாதனை. திருப்பூர்த் தம்பி போன்றவர்கள் வியந்து கேட்பார்கள். ஆனால் எனக்கு அது பிடிப்பதில்லை. ஜோடிப்பாட்டு என்றால் ஒருவர் பாடும்போது மற்றவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் இழுத்தால் மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். கூடத்தில் ஒருவரையொருவர் கேளாத இரண்டு குரல்களில் அந்தக் கொடுக்கல் வாங்கல் எப்படி இருக்கும்? ரீவ்ஸுக்கு இத்தகைய மறுவேலைப்பாடுகள் இறந்தபின் நிறையவே நடந்தன. அவருடைய மனைவி மேரி ரீவ்ஸ் பழைய பதிவுகளைத் தொடர்ந்து வெளியிட்டதால்தான் அவர் பெயர் மங்காமல் நின்றது. 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' 1966இல் பிரிட்டனில் முதலிடம் பெற்றதும் அவ்வகை வெளியீடாகத்தான். ஆயினும் புதிய வாத்தியங்கள் ஏற்றப்பட்ட பதிவும் மூலப் பதிவும் ஒரே பெயரில் புழங்குவதால், ரீவ்ஸ் தொகுப்பு வாங்கும்போதும் மேலே சொன்ன எச்சரிக்கை தேவை.

அந்தப் பணத்துக்கு ரீவ்ஸின் 'ஹீல் ஹேவ் டு கோ' மூலப் பதிவு இருக்கும் பழைய ஆர்சிஏ தட்டு ஏதாவது அந்தக் கடையில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 1960இல் பதினான்கு வாரங்கள் கன்ட்ரி வரிசையின் முதலிடத்தில் நின்ற பாட்டு அது. முதலில் தட்டின் மறுபக்கப் பாட்டாகத்தான் வெளியாயிற்று. ஒலிவாங்கிக்கு மிக நெருங்கி நின்று, குரலை உயர்த்தாமல், தொலைபேசியில் பேசுவதுபோல் பாடியிருப்பார். அதையும் 'கிரேஸி'யையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஆசிரியை அம்மா சொன்ன மூன்று ஆல்பங்களில் 'ஷோகேஸ்' என்னிடம் இருக்கிறது. போத்தனூர்ப் பக்கம் வந்தால் கேட்டுவிட்டுப் போகலாம்.